மணமகள் என்றால் யார்: தூத்துக்குடியில் பதிவாகாமல் நின்ற ஒரு திருமணம்

2018 அக்டோபர் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது. அதைப் பதிவு செய்யப் போன இடத்தில் முடியாது என்றார்கள். அடுத்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போது செய்தியாக நிறையப் பேர் படித்ததுதான். ஆனால் நடுவில் என்ன நடந்தது, எந்தச் சொல்லில் போய் மாட்டிக்கொண்டது, யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை முதலிலிருந்து வரிசையாக எழுதி வைத்தால் இனிமேல் பதிவுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். இருவர் பெயரும் இங்கே வராது. மாப்பிள்ளை, பெண் என்றே எழுதுகிறேன். பெண் திருநங்கை.

நம் ஊரில் மணமகளைப் பெண் என்றுதான் சொல்வோம். பெண் வீடு, பெண் அழைப்பு, பெண்ணைக் கூட்டிட்டு வாங்க. வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடந்தது.

பின்னணி: சட்டத்தில் என்ன இருந்தது

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ஆண் என்றால் யார், பெண் என்றால் யார் என்று எங்கும் விளக்கம் கிடையாது. 5ஆவது பிரிவு, இந்துக்கள் எவரும் இருவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஆரம்பித்து நிபந்தனைகளை வரிசையாகச் சொல்கிறது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கக் கூடாது, அறிந்து சம்மதிக்கும் மனநிலை இருக்க வேண்டும், இப்படி. அதில் மூன்றாவது நிபந்தனை வயது: மணமகனுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும், மணமகளுக்கு 18. மணமகள் என்ற சொல் அங்கே வருவது இந்த வயதுக் கணக்குக்காகத்தான். யார் மணமகளாகலாம், யார் ஆகக் கூடாது என்று சொல்வதற்காக அந்த வரி எழுதப்படவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு இந்த வரியைத்தான் ஒரு கதவு மாதிரி சாத்தினார்கள்.

திருமணம், மணமுறிவு எல்லாம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநிலமும் சட்டம் போடலாம், தமிழ்நாடு போட்டும் இருக்கிறது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இதே இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, புரோகிதரும் ஹோமமும் இல்லாமல் உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ நடக்கிற சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று ஆக்கினார்கள், அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்து. இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்புறம் 2006இல் உச்ச நீதிமன்றம், எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய மாநிலங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாடு 2009இல் திருமணப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தனிச்சட்டப்படியோ வழக்கப்படியோ நடக்கவில்லை என்று பட்டாலும், ஆட்கள் இன்னார்தான் என்பது நிலைநாட்டப்படவில்லை என்றாலும் பதிவாளர் மறுக்கலாம். மறுத்தால் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே பதிவுத்துறைத் தலைவர்.

இன்னொரு பக்கம், 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் (சுருக்கமாக நால்சா வழக்கு) தன் பாலினம் எது என்று முடிவு செய்வது அந்த ஆளின் உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. உடம்பை வைத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிட்டு மனதை வைத்துப் பார்க்கிறோம் என்று வெளிப்படையாகவே எழுதியது. அறுவை சிகிச்சை செய்தால்தான் ஒத்துக்கொள்வோம் என்று அடம்பிடிப்பது சட்டவிரோதம் என்றும் சொன்னது. தமிழ்நாடோ அதற்கும் முன்னால், 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். திருநங்கை என்ற மரியாதையான சொல்லை அரசுக் கோப்புகளில் கொண்டுவந்ததும் இங்கேதான்.

ஆகவே 2018இல் நிலைமை இப்படி: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, வாரியம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ஆனால் பதிவு அலுவலக மேசையில் இருக்கிற படிவத்தில் மணமகள் என்று எழுதிய இடத்தில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை.

கல்யாணமும் பதிவு அலுவலகமும்

2018 அக்டோபர் 31 அன்று இந்து முறைப்படி கோயிலில் தாலி கட்டினார்கள். இருவரும் இந்துக்கள், வேறு வேறு சாதி. கல்யாணம் நடந்தது உண்மை என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுத்தார். கோயில் நிர்வாகத்திடமிருந்து சான்று கிடைக்கவில்லை. பதிவுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும், கோயிலில் நடந்த கல்யாணம் என்றால் முதலில் கேட்பது கோயில் ரசீதும் கடிதமும்தான். அது இல்லாமல் போனால் மற்ற எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் ஒரு பிடி எதிராளி கையில் போய்விடுகிறது.

விண்ணப்பத்தை இணைச் சார்பதிவாளரிடம் கொடுத்தார்கள். அவர் பதிவு செய்ய மறுத்தார். அத்தோடு வீட்டுக்குப் போகாமல் மாவட்டப் பதிவாளரிடம் போனார்கள். 2018 டிசம்பர் 28 அன்று அவரும் மறுப்பு சரிதான் என்று உத்தரவு போட்டார். கல்யாணமாகி 58ஆவது நாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். பதிவு செய்யாவிட்டால் இந்து திருமணம் செல்லாமல் போய்விடாது, அதைச் சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க, சேர்ந்து வீட்டுக் கடன் வாங்க, ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக வர, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட, நாளைக்கு ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் வாரிசு என்று நிற்க, எதற்கும் அந்த ஒரு காகிதம் கையில் இருந்தால் எளிது. சாதி மறுத்துச் செய்துகொண்டவர்களுக்கான உதவித்தொகைக்கும் அதுதான் வாசல். நம்மில் பெரும்பாலோர் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிற அளவுக்குக்கூட அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பதில்லை, கேட்டவுடன் கிடைத்துவிட்டது என்பதால்.

மறுப்புக்குச் சொன்ன காரணம்

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த வாதம் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன கோயில் சான்று. அதைவிடப் பெரியது இரண்டாவது: 5ஆவது பிரிவில் மணமகள் என்று இருக்கிறது, மணமகள் என்றால் கல்யாண நாளில் இருக்கும் பெண் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சொல்கிறது, விண்ணப்பதாரர் திருநங்கை, பெண் இல்லை, ஆகவே அவர் மணமகள் ஆக முடியாது.

இதை ஒரு அலுவலரின் கெட்ட எண்ணம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. சட்டத்தில் விளக்கம் இல்லாத சொல் ஒன்று கையில் வந்தால், கீழ் மட்டத்தில் இருப்பவர் பாதுகாப்பான அர்த்தத்தைத்தான் எடுப்பார். நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அவருக்கு எதிரே நால்சா தீர்ப்பு இருந்தது. நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது பதிவு அலுவலகம் வரை ஒரு சுற்றறிக்கையாகக்கூட வந்து சேராமல் இருந்ததற்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் பொறுப்பில்லை. பிழை மேலே இருந்தது.

எடுத்த முடிவு

அந்த நிலையில் அவர்களுக்கு முன்னால் சில வழிகள் இருந்தன. பதிவுத்துறைத் தலைவரிடம் இன்னொரு மேல்முறையீடு போகலாம். அங்கேயும் அதே படிவம், அதே சொல். அல்லது, மதச்சார்பில்லாத 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழே புதிதாகப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நல்லது நினைத்துத்தான் சொல்வார்கள், ஆனால் அந்தச் சட்டத்தில் வயது நிபந்தனையில் ஆண், பெண் என்றே நேரடியாக இருக்கிறது, மணமகள் என்பதைவிட இறுக்கமான சொல். போதாததற்கு 30 நாள் அறிவிப்பு ஒட்டிவைப்பார்கள், ஆட்சேபம் இருப்பவர் வரலாம். அதோடு, கோயிலில் தாலி கட்டிக்கொண்ட ஒருவரிடம் உங்களுக்கு அந்த முறை கிடையாது, வேறு வரிசையில் நில்லுங்கள் என்று சொல்வதும் ஒரு மறுப்புத்தான்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலரின் உத்தரவை எதிர்த்து நேராக அங்கே போடும் மனு. அது சரியான முடிவு என்பதற்கு எனக்குத் தெரிகிற காரணம் இது: தகராறு உண்மைகளைப் பற்றியதே இல்லை. கல்யாணம் நடந்ததா, யார் யாருக்குத் தாலி கட்டினார், வயது என்ன, எதிலும் சிக்கல் இல்லை. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது மட்டும்தான் கேள்வி. அதைத் தீர்த்துவைக்க அதிகாரம் உள்ள இடத்துக்கு நேராகப் போனார்கள். மாவட்டப் பதிவாளர் உத்தரவு எழுத்தில், தேதியோடு இருந்ததால்தான் அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்க முடிந்தது. வாயால் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

2019 ஏப்ரல் 22

நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். கண்ணுக்கு எதிரில் இருப்பதைப் பார்க்கச் சில சமயம் பார்வை மட்டும் போதாது, நெஞ்சில் அன்பும் வேண்டும் என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். தீர்ப்பின் சட்டப் பகுதி அதைவிட நிதானமானது.

மணமகள் என்ற சொல்லை 1955இல் உறைந்துபோன அர்த்தத்தில் படிக்க முடியாது, இன்றைக்கு இருக்கிற சட்ட நிலையை வைத்தே படிக்க வேண்டும் என்றார். நால்சாவில் பாலினம் அவரவர் அடையாளம் என்று முடிவாகிவிட்டது. ஆகவே தன்னைப் பெண்ணாக உணர்கிற திருநங்கையும், தன்னைப் பெண்ணாக உணர்கிற இடைப்பாலினத்தவரும் (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூறுகளோடு பிறந்தவர்) அந்தச் சொல்லுக்குள் வருவார்கள். அவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பது ஒன்றே அளவுகோல். தான் புதிதாக எதையும் சொல்லவில்லை, ஏற்கெனவே தெளிவாக இருப்பதைத்தான் எடுத்துச் சொல்கிறேன் என்றும் குறிப்பிட்டார்.

இன்னொரு வாதத்தை நிறையப் பேர் கவனிக்கவில்லை. சமயச் சுதந்திரத்தைச் சொல்லும் அரசமைப்பின் 25ஆவது உறுப்பையும் அவர் எடுத்தார். இருவரும் இந்துக்கள். திருநர்களுக்கு, அதாவது திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் (பெண் என்று குறிக்கப்பட்டுப் பிறந்து தன்னை ஆணாக உணர்பவர்கள்), திருமண உரிமை உண்டு என்றான பிறகு, இந்து திருமணச் சட்டத்துக்கு வெளியே அவர்களை நிறுத்திவைக்க முடியாது. பதிவு அலுவலகத்தில் செய்துகொள்ளும் திருமணமும் உண்டு, சாமி முன்னால் செய்துகொள்ளும் திருமணமும் உண்டு, எது வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். திருநர்களின் உரிமை பற்றிப் பேசும்போது பக்தியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவர்களுக்கும் குலதெய்வம் உண்டு, நேர்த்திக்கடன் உண்டு. அதைத் தீர்ப்பு கண்டுகொண்டது என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மறுப்பு உத்தரவுகள் ரத்தாயின. பதிவு செய்யும்படி கட்டளை வந்தது. சாதி மறுப்புத் திருமணத்துக்கான மத்திய அரசின் உதவித்தொகைக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் நீதிபதி சேர்த்து எழுதினார், கேட்காமலேயே ஒரு கதவைக் காட்டிவிட்ட மாதிரி. கல்யாண நாளிலிருந்து கணக்குப் போட்டால் 173 நாள். சில வாரங்களில் பதிவும் நடந்தது.

தீர்ப்போடு வந்த இன்னொன்று

அதே தீர்ப்பில் நீதிபதி குழந்தைகளைப் பற்றியும் பேசினார். இடைப்பாலினக் கூறுகளோடு பிறக்கிற குழந்தையை ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாகக் காட்டுவதற்காக, அது பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்குப் பயம், ஊர் என்ன சொல்லும் என்று. பெற்றவர்களின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு சொன்னது. இப்படிப் பிறப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அந்தக் குழந்தை குடும்பத்துக்குள்ளேயே வளர வேண்டும், வீட்டை விட்டு ஓரத்துக்கு ஓடுகிற ஓட்டத்தைத் தடுத்தாக வேண்டும் என்றது. இதில் செயல்பாட்டாளர் கோபி ஷங்கர் மதுரை நெடுநாளாகச் செய்துவந்த வேலையையும் குறிப்பிட்டது.

2019 ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறை அரசாணை போட்டது: உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கூடாது. இந்தியாவில் முதல் மாநிலம். உலகத்திலேயே மால்டா 2015இல் சட்டம் போட்டதுதான் முதல். ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இருவர் விடாமல் நின்றதால் எங்கோ ஒரு அரசு மருத்துவமனையில் பிறக்கப்போகிற குழந்தைக்கும் காப்பு கிடைத்தது.

அதற்குப் பிறகு

2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருநர் பாதுகாப்புச் சட்டம், தான் உணரும் பாலினத்துக்கு உரிமை உண்டு என்று 4ஆவது பிரிவில் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவுகளில் மாவட்ட ஆட்சியரின் சான்றையும், ஆண் அல்லது பெண் என்று மாற்ற அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கொண்டுவந்தது. மதுரைக் கிளை எவ்வளவு எளிதாக்கியதோ அவ்வளவும் மறுபடி காகிதமாயிற்று என்றுதான் சொல்வேன்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண வழக்கில் மனுதாரர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. ஆனால் திருநங்கை ஆணையோ திருநம்பி பெண்ணையோ மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களிலேயே உரிமை உண்டு என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். தூத்துக்குடி வழக்கின் தீர்ப்பு அங்கே எடுத்துக்காட்டப்பட்டு ஏற்கப்பட்டது.

அதே 2023இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் எதிர்த் திசையில் போனது. பெண் என்றால் கருமுட்டை உண்டாக்கும்படி அமைந்த உடலமைப்பு உள்ளவர் என்று, பிறப்பை வைத்து, சட்டத்திலேயே எழுதினார்கள். ஆளுநர் வீட்டோ செய்தும் சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. ஜூலை 1 நடைமுறைக்கு வந்தது, பத்து நாளில் ஓட்டுநர் உரிமத்தில் பாலினம் மாற்றித் தருவதை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டத்தில் தெளிவாக விளக்கம் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். எழுதுகிறவர் யாரை மனதில் வைத்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அதே தெளிவு ஒருவரின் கையில் ஏற்கெனவே இருந்த காகிதத்தையும் பறித்துவிடும்.

என்ன மாற வேண்டும்

எழுதாமல் விட்டால் அலுவலர் அகராதியைத் திறக்கிறார். அதனால் தமிழ்நாடு எழுத வேண்டும், மதுரைக் கிளை சொன்ன அர்த்தத்தில். 2009 பதிவுச் சட்டத்தின் விளக்கப் பிரிவில் மணமகள் என்பதில் திருநங்கையும், மணமகன் என்பதில் திருநம்பியும், அந்தந்த அடையாளத்தில் தன்னை உணர்கிற இடைப்பாலினத்தவரும் அடங்குவர் என்று இரண்டு வரி போதும். மத்தியச் சட்டத்தோடு உரசுமே என்றால், 1967இல் 7ஏ வந்ததும் மத்தியச் சட்டத்துக்குள்தான், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு. தமிழ்நாட்டுக்கு இது பழகாத வேலை இல்லை. அதற்கு நாளாகும் என்றால் பதிவுத்துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம், அதற்கு ஒரு பக்கம் போதும்.

சான்று விஷயத்தில் என் கருத்து நேரானது. வேறு எந்த மணமகளிடமும் நீ பெண்தானா என்று மருத்துவச் சான்று கேட்பதில்லை. திருநங்கையிடமும் கேட்கக் கூடாது. வயது, முகவரி, சாட்சிகள், முந்தைய திருமணம் இல்லை என்ற உறுதிமொழி, மற்றவர்களிடம் வாங்குகிற அதே காகிதங்கள் மட்டும். கோயில் சான்று கொடுக்காத இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் கல்யாணத்தில் இருந்தவர்களின் வாக்குமூலமும் ஏற்கப்படும் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோயில் அலுவலகம் ஒன்று சும்மா இருப்பதாலேயே ஒரு திருமணம் பதிவாகாமல் நிற்கும்.

இப்போதைக்குப் பதிவுக்குப் போகிறவர்கள் 2019 ஏப்ரல் 22 தீர்ப்பின் நகலையும் 2023 தீர்ப்பில் இது வருகிற பக்கங்களையும் கையோடு கொண்டுபோங்கள். கோயிலில் ரசீது போடும்போதே இரண்டு பேர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். கல்யாணமான 90 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால், சண்டை வேண்டாம், எதனால் முடியாது என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.